அந்தக் கடையைக் கொரோனா மூடவில்லை

பட்டாயாவில் வைத்திருந்த ஹோட்டல் என்ன ஆயிற்று என்று யார் கேட்டாலும் இத்தனை வருடமாக ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "கொரோனாவுல போச்சுங்க." கேட்டவர் தலையை ஆட்டுவார். "யாருக்குத்தான் போகல" என்பார். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அது பொய். தாய்லாந்தில் உணவகங்களை மூடச் சொன்னது 2020 மார்ச்சில். நான் கடையைப் பூட்டியது 2019 செப்டம்பரில். அந்த ஆண்டு இந்தியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 20 லட்சம் பேர் தாய்லாந்து போனார்கள். விமான நிலையத்தில் வாங்கும் விசாவுக்கான 2,000 பாட் கட்டணத்தையும் அந்த அரசு நம்மவர்களுக்கு அப்போது தள்ளுபடி செய்திருந்தது. என் கடை வாசலில் குஜராத்திக் குடும்பங்களும் நம் ஊர்ப் பையன்களும் கூட்டம் கூட்டமாக நடந்துபோய்க்கொண்டிருந்த வருடத்தில்தான் நான் ஓடிவந்தேன்.

நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு வேறொரு பதில் வைத்திருந்தேன். "அந்த ஊர்க்காரங்க ஏமாத்திட்டாங்க" என்பது. அது முதல் பொய்யைவிட மோசமானது.

திருப்பூரில் எனக்கு ஒரு பிரிண்டிங் பட்டறையில் பங்கு இருந்தது. துணி வாங்கவும் மாதிரி பார்க்கவும் பாங்காக் பிரதுனாம் சந்தைக்கு வருடத்துக்கு நாலைந்து தடவை போவேன். 2016 நவம்பரில் செல்லாக்காசு அறிவிப்பு வந்தது. ரொக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜாப் ஒர்க் அப்படியே நின்றது. பட்டறையே வெறுத்துப் போயிருந்த அந்த டிசம்பரில், பழகிய ஒருவர் பட்டாயாவில் ஓர் இந்திய உணவகம் கைமாறுவதாகச் சொன்னார். செகண்ட் ரோட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒரு சொய்யில், அதாவது சந்தில், 60 பேர் உட்காரும் கடை. கிறிஸ்துமஸ் வாரத்தில் மூன்று நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தேன். மேசை காலியாகவே இல்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அந்த ஊரில் எந்த மேசையும் காலியாக இருக்காது என்பதும், மே மாதம் மழை தொடங்கினால் அக்டோபர் வரை அதே மேசைகளில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதும் அங்கே பிழைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை.

விற்றவர் ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினார். நாள் வியாபாரம் 40,000 பாட் என்று எழுதியிருந்தது. மாதாமாதம் வாட் வரிக்காகக் கொடுத்த கணக்கைக் கேட்டேன். அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. "எல்லாரும் அப்படித்தான் காட்டுவாங்க" என்றார். மன்னர் பூமிபோல் அக்டோபரில் இறந்து நாடே ஓராண்டு துக்கத்தில் இருப்பதால் இந்த சீசன் மந்தம், துக்கம் கழிந்தால் இரண்டு மடங்காகும் என்றார். துக்கம் உண்மை. அதை வைத்து அவர் போட்ட கணக்கை நான் சோதிக்கவில்லை. திருப்பூரில் 200 கிலோ நூலைக் கடனுக்குக் கொடுப்பதென்றால் மூன்று பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் 18 லட்சம் பாட்டை, அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 35 லட்சம் ரூபாயை, ஒரு நோட்டுப் புத்தகத்தை நம்பிக் கொடுத்தேன். அவிநாசி பக்கம் இருந்த ஆறு சென்ட் இடமும் மனைவியின் நகையும் அதில் போயின. பாதிப் பணம் வங்கி வழியாகப் போனது. மீதி உண்டியலில் போனது. ஆகவே ரசீதும் பாதிக்குத்தான்.

அந்த 18 லட்சத்துக்கு நான் வாங்கியது என்ன? கட்டடம் வேறொருவருடையது. மது உரிமம் விற்றவர் பெயரில் இருந்தது, அது கடையோடு வராது. அடுப்பும் பாத்திரமும் பழையவை. நான் வாங்கியது அந்த இடத்தில் உட்காரும் வாய்ப்பை. தாய்லாந்தில் அதற்கு 'சேங்' என்று பெயர். நம் ஊர்ப் பகடி மாதிரி. வாடகை ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும், பதியாவிட்டால் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். இது அங்கே பழைய சட்டம். ஒன்பது ஆண்டுக்குப் பதிந்து கொடுங்கள் என்று உரிமையாளரிடம் கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரோ என்னவோ. பதிவுக்கும் முத்திரைக்கும் மொத்த வாடகையில் 1.1 சதவீதம் ஆகும் என்றார்கள், மிச்சம் பிடிக்கலாம் என்று நான் கேட்காமலே விட்டேன்.

இவ்வளவும் என் முட்டாள்தனம். என் பணத்தோடு போகிற விஷயம். நான் சொல்ல வந்தது இதற்கு அடுத்தது.

உணவும் பானமும் விற்பது தாய்லாந்தின் 1999ஆம் ஆண்டு வெளிநாட்டவர் வணிகச் சட்டத்தில் மூன்றாம் பட்டியலில் வருகிறது. தனி உரிமம் இல்லாமல் வெளிநாட்டவர் அதைச் செய்யக் கூடாது. கம்பெனியில் பாதிக்கு மேல் அந்நாட்டவர் கையில் இருந்தால் அது தாய்லாந்துக் கம்பெனி. அதனால் 49 எனக்கு, மீதி 51 இரண்டு தாய்லாந்துக்காரர்கள் பெயரில். கணக்கு அலுவலகத்தில் இதை எனக்கு விளக்கும்போது, பெயரை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்பதையும் சொன்னார்கள். கொடுப்பவர் வாங்குபவர் இருவருக்குமே 3 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் முதல் 10 லட்சம் பாட் வரை அபராதம், அல்லது இரண்டும். சொல்லிவிட்டு, எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்கள். எனக்குத் தெரியாது என்று நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்ல முடியாது.

25 சதவீதம் அந்த அலுவலகமே காட்டிய ஓர் ஆள் பெயரில். 26 சதவீதம் பழைய முதலாளியிடமிருந்தே கடையில் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பெயரில். வடகிழக்கே ஈசான் பகுதி, நெல்வயல் ஊர். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். மூத்தவரை அங்கே 'பீ' என்பார்கள், நம் அக்கா அண்ணன் போல. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். சம்பளம் 11,000 பாட். பதிவு மூலதனம் 20 லட்சம் பாட் என்பதால் அவர் பங்கு 5,20,000. அந்தப் பணம் அவரிடம் இருக்கிறது என்று வங்கிக் கடிதம் வேண்டும். வெளிநாட்டவர் பங்கு வைத்திருக்கும் கம்பெனிகளில் பெயர் இரவலைத் தடுக்கவே அந்த விதி. அதை ஏமாற்ற ஒரே நாள் போதுமாக இருந்தது.

காலையில் அவர் கணக்கில் 5,20,000 பாட் போட்டேன். வங்கி கடிதம் கொடுத்தது. மத்தியானம் பணத்தைத் திரும்ப எடுக்க அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றேன். வங்கிக்கு வேறு வாசல் இருக்கிறதா என்று கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நின்றேன். அவர் பணத்தை எடுத்து, எண்ணிப் பார்த்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, நேரே வந்து என் கையில் கொடுத்தார். "சரியா இருக்கான்னு எண்ணிப் பாருங்க பாஸ்" என்றார். நானும் தெருவில் நின்று எண்ணினேன்.

அன்று மாலையே தேதி போடாத பங்கு மாற்றப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். அடையாள அட்டையின் நகலில், அந்த ஊர் வழக்கப்படி குறுக்கே இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்திட்டார். என்ன காகிதம் என்று கேட்டார். கம்பெனிக் காகிதம் என்றேன். அவர் மொழியில்தான் எழுதியிருந்தது, படித்திருக்கலாம். படிக்க நான் நேரம் கொடுக்கவில்லை. சிறை என்ற வார்த்தை அந்த மேசையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. பதிலுக்கு 2,000 பாட் கொடுத்தேன். கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

அந்நிய நாட்டில் நான் பயப்பட வேண்டிய எல்லாவற்றையும், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் எச்சில் தட்டு எடுக்கும் ஒரு பெண்ணின் பெயரில் எழுதி வைத்துவிட்டு, ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

கடை நடந்த விதத்தைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. டூர் கம்பெனிகள் குரூப் அனுப்பின, தலைக்கு இவ்வளவு என்று பேசி, கடனுக்கு. 40 பேர் பேருந்தில் வந்து பஃபே சாப்பிட்டுப் போவார்கள், பணம் இரண்டு மாதம் கழித்து வரும், சில வராது. எதிர்க்கடை தலைக்கு 20 பாட் குறைத்தால் நானும் குறைத்தேன். உளுந்தும் மசாலாவும் பாங்காக் பாஹுரத்திலிருந்து ரொக்கத்துக்கு வந்தன. ஒரு வெளிநாட்டவருக்கு வேலை அனுமதி வேண்டுமென்றால் நான்கு தாய்லாந்து ஊழியரும் 20 லட்சம் பாட் மூலதனமும் காட்ட வேண்டும். எனக்கு ஒன்று வாங்கிவிட்டேன். மதுரைப் பக்கத்திலிருந்து கூட்டிவந்த பரோட்டா மாஸ்டருக்கு வாங்கவில்லை. சுற்றுலா விசாவில் வைத்து ஐந்து மாதம் வேலை வாங்கினேன். சோதனை வருகிறது என்று தகவல் வந்த ஒருநாள் அந்தப் பையனை மாடியில் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்தேன். இறங்கி வந்தபோது அவன் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மறுவாரம் ஊருக்குப் போகிறேன் என்று டிக்கெட் கேட்டான். டிக்கெட் காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன்.

2019 கோடையில், வரும் ஜனவரிக்குப் பிறகும் இருக்க வேண்டுமென்றால் புதிதாக 10 லட்சம் பாட் கொடுங்கள் என்றார் கட்டட உரிமையாளர். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குத்தான் என்பது எனக்கு முதல் நாளே தெரியும். இதைத்தான் ஊரில் வந்து 'ஏமாற்றினார்கள்' என்றேன்.

அதற்கு முன்பே ஊழியர் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு நிதிக்கென்று 5 சதவீதம் பிடித்து, அரசுக்குக் கட்டாமல் ஐந்து மாதம் உளுந்துக்கும் வாடகைக்கும் செலவழித்திருந்தேன். அவர்கள் பணம். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டு எடுத்த பணம்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாமான் வாங்கப் பாங்காக் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கல்லாவில் இருந்ததை எடுத்துக்கொண்டேன். பீ வாசல் வரை வந்து பையைத் தூக்கி வண்டியில் வைத்தார். மறுநாள் இரவு கோயம்புத்தூரில் இருந்தேன். கம்பெனியை முறைப்படி கலைக்கவில்லை, கணக்கை முடிக்கவில்லை, ஒருவருக்கும் கடைசி மாதச் சம்பளம் கொடுக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் வேலை செய்து மூன்றாண்டு முடியாதவரை நீக்கினால் 90 நாள் ஊதியம் தர வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

லைன் செயலியில் பீயிடமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. முதல் வாரம் நாளுக்கு நாலைந்து முறை. பிறகு ஒரு குரல் செய்தி. நிதி அலுவலகத்துக்குப் போனாராம், ஐந்து மாதம் கட்டவில்லை என்கிறார்களாம், கடை உங்கள் பெயரிலும் இருக்கிறதே, முதலாளி எங்கே என்று கேட்கிறார்களாம். என்ன சொல்லட்டும் பாஸ் என்று கேட்டிருந்தார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அந்த எண்ணைத் தடை செய்தேன். ஆறு மாதத்தில் கொரோனா வந்தது. எனக்கு நல்ல பதில் ஒன்று கிடைத்தது.

கொஞ்ச காலமாக அங்கே பெயர் இரவல் கம்பெனிகளைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள் என்று செய்தி வருகிறது. என் பெயர் அங்கே யாருக்கும் வேண்டாம், நான் அந்த எல்லைக்குள் இல்லை. 26 சதவீதத்தின் பெயர் இருக்கிறது. பட்டாயாவில் ஒரு வழக்கறிஞரிடம் பேசியிருக்கிறேன். கம்பெனியைக் கலைக்கவும், நான்தான் வாங்கினேன், அவருக்கு எதுவும் விளக்கப்படவில்லை என்று எழுதிக் கொடுக்கவும் என்ன வழி என்று கேட்டிருக்கிறேன். எழுதிக் கொடுத்தால் எனக்கு என்ன ஆகும் என்பதையும் அவர் சொன்னார். எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பீக்குச் சேர வேண்டியதைக் கணக்குப் போட்டேன். கடைசியில் சம்பளம் 12,000 ஆகியிருந்தது. 90 நாளுக்கு 36,000, கடைசி மாதம் 12,000, நிதிக்குப் பிடித்தது 3,000. மொத்தம் 51,000 பாட், இத்தனை வருட வட்டி இல்லாமல். அதே வங்கிக் கணக்கு எண் என் பழைய டைரியில் இருக்கிறது. மற்ற எட்டுப் பேரில் ஐந்து பேருடைய எண்தான் கிடைத்திருக்கிறது.

இந்தப் பணத்தை எடுக்க வேண்டுமென்றால் மனைவியிடம் சொல்ல வேண்டும். போன மாதம் ஒரு ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பீரோவிலிருந்து அந்த அடையாள அட்டை நகலை எடுத்து வைத்துக்கொண்டு வங்கி வாசலிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நகையைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் நகலைக் கையில் வாங்கி, புரியாத அந்த எழுத்துகளையும் புகைப்படத்தையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா பேரு என்னங்க?" என்றாள்.

சொன்னேன். அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை.