வளவுக்குள்ளே இருந்த சோடினை

நீர்வேலியில் ஒரு வீட்டைச் சோடிப்பதற்காக யாரும் கடைக்குப் போனதாக எனக்கு நினைவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் வந்து கோப்பாயைத் தாண்டினால் எங்கள் ஊர். செம்மண் தறை, கிணற்றுப் பாசனம், கண்ணுக்கெட்டிய வரைக்கும் வாழை. கதலி, இதரை, கப்பல், மொந்தன் என்று குலைகள் விடியப்புறமே சைக்கிளில் ஏறி வாழைக்குலைச் சந்தைக்குப் போய்விடும். ஒரு வாழை ஒரு குலைதான் போடும். வெட்டிய மரத்தால் தோட்டக்காரனுக்கு இனி வேலையில்லை. எங்களுக்கு வேலை அங்கேதான் தொடங்கும்.

மடலை உரித்து வெயிலில் போட்டால் நார். தோரணம் கட்டவும் மாலை தொடுக்கவும் அந்த நார் போதும், நூல்பந்து வாங்க வேண்டியதில்லை. பொத்தியின் ஊதா மடல் ஒவ்வொன்றும் பூ வைக்கிற கிண்ணம். உள்மடலின் வெள்ளைப் பக்கத்தைத் தகடாக வெட்டினால் எழுத்து. வாசலில் கட்டுகிற குலைவாழைக்குக்கூடக் காசு போகாது. முற்றி வெட்டுக்கு நிற்கிற மரத்தை அயல் தோட்டத்துக்காரர் இரவல் தருவார். கலியாணம் முடிந்த அடுத்த நாள் விடிய அவருடைய குலை அவரிடம் திரும்பிப் போய் அப்படியே சந்தைக்குப் போகும். இரண்டு பக்கமும் குலைவாழை நிற்கக் கலியாணம் கட்டிய எத்தனையோ வீடுகளில் அந்தக் குலை வீட்டுக்காரருடையது அல்ல. அதை யாரும் குறைவாக நினைத்ததும் இல்லை.

தோரணம் பின்ன அம்மம்மாதான் பழக்கினா. குருத்தோலையைத் திண்ணையில் நிழலில் போட்டு, ஈரச் சாக்கால் மூடி வைப்பா.

“உந்தக் குருத்தை வெயிலிலை இழுக்காதை பிள்ளை. வாடினா மடியாது, முறியும்.”

ஓலையை ஒவ்வொன்றாகக் கழற்றி, பெருவிரல் நகத்தால் கீறி, கீறின துண்டை மேலே மடித்துச் சொருகினால் ஒரு குருவித் தலை வரும். ஓர் ஓலைக்கு நாலு குருவி. தலை மேலே பார்க்க வேண்டும். நான் அவசரத்தில் மூன்றோடு விட்டால் கையைப் பிடித்து நிறுத்துவா.

“மூண்டெண்டா அது செத்தவீட்டுத் தோரணம். நல்ல காரியத்துக்கு நாலு இருக்கோணும். எண்ணிப் பார்.”

வாசலில் தொங்குகிற ஓலையைப் பார்த்தே அந்த வீட்டில் நடப்பது நல்லதா கெட்டதா என்று தெருவால் போகிறவருக்கு விளங்கிவிடும். இன்றைக்கு அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்களோ.

பெரிய ஆட்களுக்குத் தோரணம் என்றால் எங்களுக்குக் குரும்பட்டித் தேர். தென்னைக்குக் கீழே விழுந்து கிடக்கிற குரும்பட்டிகளைப் பொறுக்கி, ஈர்க்கால் குத்தி, சில்லு வைத்து, மேலே ஓலையால் முடி கட்டி, செவ்வரத்தம்பூ செருகி, வளவைச் சுற்றி இழுப்போம். அரசகேசரிப் பிள்ளையார் கோயில் கொடியேற்றம் தொடங்கினால் எங்கள் முற்றத்துப் பிள்ளையாருக்கும் கொடியேறும். கோயிலில் தேருக்கு முதல்நாள் இரவு சப்பறம். மரச்சட்டங்களைக் கட்டி உயர்த்தி, சித்திரம் வெட்டிய வர்ணக் கடதாசிகளால் மூடி, வெளிச்சம் போட்டு இழுப்பார்கள். திருவிழா முடிய அந்தக் கடதாசிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதில் பெடியளுக்குள் போட்டியே நடக்கும். அது அடுத்த வருசம் வரைக்கும் எங்கள் சப்பறத்துக்குக் காணும்.

கார்த்திகை விளக்கீட்டுக்கும் அதே கணக்குத்தான். படலையடியில் ஒரு வாழைக்குற்றியை நட்டு, உச்சியைக் குடைந்து, சிரட்டையில் எண்ணெய் விட்டுத் திரி போடுவோம். வேலியோரம் தடிகளில் பழந்துணி சுற்றிய பந்தங்கள் எரியும். கிழிந்த சாரம், பாட்டாவின் பழைய வேட்டி, எல்லாம் அன்றைக்கு வெளிச்சமாகும்.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை மறைக்க முடியாது. கோயில் சோடினையில் எல்லாருடைய கையும் பட விட்டதில்லை. ஓலை வெட்டித் தந்தவர் வாசலோடு நின்ற காலம் ஒன்று இருந்தது. எனக்கு ஏக்கம் வருவது அந்த வாசலை நினைத்து அல்ல. என் மனம் போய் நிற்பது நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த வாணி விழாவில். அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்து, ஒரே குருத்தில் ஓலை கழற்றினோம்.

1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று ஒவ்வொன்றும் தடை. மண்ணெண்ணெய்க்குக் குதிரை விலை. கடதாசித் தட்டுப்பாட்டால் யாழ்ப்பாணப் பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்தன. அந்த வருசங்களில்தான் நாங்கள் வாணி விழாவுக்கு வகுப்பறை சோடித்தோம்.

வர்ணக் கடதாசி இல்லை. இரண்டு பக்கமும் எழுதி முடித்த பழைய கொப்பிகளைக் கிழித்து வளையம் வளையமாக ஒட்டிச் சங்கிலி செய்தோம். ஒட்டுவதற்குப் பசை? நிவாரணத்தில் வந்த மா சாப்பாட்டுக்கே காணாது. பசைக்கு ஒரு கரண்டி மா கேட்டால் அம்மா ஒன்றும் சொல்லமாட்டா, பார்ப்பா. அதற்குப் பிறகு கேட்கத் தோன்றாது. நறுவிலி பழுத்திருக்கிற காலமென்றால் கவலையில்லை. பழத்தின் காம்படியைக் கிள்ளி அமுக்கினால் வழவழவென்று பிசின் வரும். கடதாசியில் தடவிக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பிறகு பிய்க்க முடியாது. நறுவிலி இல்லாவிட்டால் விளாத்தியில் வடிந்து காய்ந்த பிசினைத் தண்ணீரில் ஊறப்போடுவோம்.

நிறத்துக்கு வளவு இருந்தது. மஞ்சளைக் கரைத்துத் தாளில் பூசிக் காயவிட்டு, பாட்டியின் வெற்றிலைத் தட்டத்திலிருந்து எடுத்த சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஈர்க்கு நுனியால் தொட்டால், தொட்ட இடமெல்லாம் சிவக்கும். மஞ்சள் தாளில் சிவப்புப் பூ. செவ்வரத்தம் இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா. அதன்மேல் தேசிக்காய்ப் புளி ஒரு துளி விழுந்தால் அந்த இடம் மட்டும் இளஞ்சிவப்பாகும். ஆய்வுகூடத்தில் அமிலம் ஒரு போத்தல்கூட மிச்சமில்லாத அந்தக் காலத்தில், எங்கள் விஞ்ஞான ரீச்சர் இந்தச் சோடினைக் கடதாசியை வைத்துத்தான் அமிலம், காரம் படிப்பித்தா. இன்றைக்கும் அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

“வாணி விழா” என்ற எழுத்துகளை வாழைமடலில் வெட்டி, சேலையை விசிறி மடிப்பாக மடித்துக் கட்டிய திரையில் முள்ளால் குத்துவோம். வெட்டிய மடல் மணித்தியாலத்துக்குள் கறுக்கத் தொடங்கும். அதற்குத் தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பூசை தொடங்கும்வரை எழுத்துகளை வெள்ளையாக வைத்திருப்பதே இரண்டு பேருக்கு முழுநேர வேலை. ஒருத்தி தேய்ப்பாள், மற்றவள் புளி பிழிவாள். பழுதாய்ப்போன கசெற்றுகளின் நாடாவை உருவித் தொங்கவிட்டால் காற்றுக்குச் சரசரவென்று மினுங்கும். ரொபி சுற்றி வந்த கண்ணாடித் தாளையும் சிகரட் பெட்டி வெள்ளித் தாளையும் வருசக் கணக்காகப் புத்தகங்களுக்குள் வைத்துச் சேர்த்திருந்தோம். சரஸ்வதியின் கிரீடத்துக்கு அதிலிருந்து எண்ணித்தான் எடுப்போம்.

வெளிச்சத்துக்குச் சைக்கிள். ஒரு பழைய சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் படவிட்டு, பெடியள் மாறி மாறிப் பெடலைச் சுற்றுவார்கள். சுற்றுகிற வேகத்துக்கு வாணியின் முகத்தில் வெளிச்சம் கூடிக் குறையும். மற்ற இடங்களுக்குச் சிக்கன விளக்கு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் திரியைக் கோத்துச் செய்வது. அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை பாஸ் பண்ணிப் பல்கலைக்கழகம் போனவர்கள் ஏராளம்.

தடை இருந்ததால்தான் எங்களுக்கு இந்தக் கைவேலை வந்தது என்று சிலர் இப்போது எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தில்லாமல் ஆட்கள் செத்த காலத்தை நல்ல காலம் என்று சொல்ல என் வாய் வராது. மடிக்கத் தெரிந்த விரல்களும் எந்த மரம் எதற்கு உதவும் என்ற அறிவும் எங்களிடம் முன்பே இருந்தன. இருந்ததால்தான் எல்லாக் கதவும் மூடப்பட்டபோதும் பிள்ளைகளுக்கு ஒரு விழா நடத்த முடிந்தது. தடை அந்தக் கையைத் தரவுமில்லை, பறிக்கவுமில்லை.

1995இல் விஜயதசமி ஐப்பசி பிறக்கும் முன்பே வந்தது. கொப்பித்தாள் சங்கிலிகளைக் கழற்றாமல் விட்டிருந்தோம், தீபாவளி வரைக்கும் கிடக்கட்டும் என்று. ஒக்டோபர் 17ஆம் திகதி ரிவிரெச இராணுவ நடவடிக்கை தொடங்கியது. சண்டை எங்கள் வாழைத் தோட்டங்களுக்குள்ளேயே வந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழும்பி, மழைக்குள், செம்மணியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த வருசம் சித்திரையில் சனம் திரும்பியபோது தோட்டங்கள் காடாகி நின்றன. ஆனாலும் அந்த ஆண்டு நவராத்திரிக்கும் ஊரில் கும்பம் வைத்தார்கள், குருத்தோலை கட்டினார்கள். மடிப்பு மறக்கவில்லை.

மறந்தது பிறகுதான். பாதைகள் திறந்து, காசு வந்து, எல்லாம் கடையில் கிடைக்கத் தொடங்கிய பிறகு. போனமுறை ஊருக்குப் போய் நின்றபோது எங்கள் ஒழுங்கையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. படலையில் பிளாஸ்டிக் மாவிலை, பிளாஸ்டிக் செவ்வந்தி, துணியில் செய்த வாழைமரம். மதிலுக்கு அந்தப் பக்கம் உண்மையான வாழை குலையோடு சாய்ந்து நின்றது. முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காட்சி எனக்குக் குண்டு விழுந்த வீட்டைப் பார்த்ததைவிடச் சங்கடமாக இருந்தது. மிகையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். இடிந்த வீட்டை நாங்கள் இடிக்கவில்லை. இதை நாங்களே கைவிட்டோம்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2017 செப்டெம்பரிலிருந்து இலங்கையில் சமய, கலாசார, அரசியல் நிகழ்வுகளில் பொலித்தீனால் அலங்கரிப்பது தடை. 2023இல் பிளாஸ்டிக் பூமாலையும் தடைப் பட்டியலில் சேர்ந்தது. ஒழுங்கையில் அதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

நான் இப்போது இருப்பது ஸ்காபரோவில். இங்கே மண்டபத்துக்குச் சோடினை வாடகைக்கு வரும். இரவு பத்து மணிக்கு வான் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். அடுத்த கிழமை வேறு யாருடைய பிள்ளைக்கோ அதே பூ. குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிற சனத்துக்கு நேரம் இல்லை. ஆனாலும் ஆவணி மாதத்தில் ஒன்ராறியோவின் சோளத் தோட்டங்களைக் கடக்கும்போது என் விரல்கள் துருதுருக்கும். சோள இலையில் மடித்துப் பார்த்தேன். நீளம் இருக்கிறது, உரம் இல்லை, இரண்டாவது குருவியில் கிழிகிறது. பச்சைக் கடதாசியில் மடித்தால் நன்றாக நிற்கிறது. மகளுக்கு அதில்தான் பழக்கினேன். நாலு குருவியும் சரியாக வந்தன. ஆனால் பச்சை ஓலையைக் கீறும்போது நகக்கண்ணில் ஏறுகிற அந்த மணம் கடதாசியில் வராது. அம்மம்மாவின் கையில் எப்போதும் இருந்த மணம் அது. அதைத்தான் நான் மகளுக்குக் காட்ட முடியாமல் இருக்கிறேன்.

ஊரில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற நவராத்திரிக்குப் பிள்ளைகளின் கையில் ஒரு குருத்தோலையைக் கொடுங்கள். மடிக்கத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். ஒருவரைக் கூப்பிட்டு வகுப்பறையில் இருத்துங்கள். வெளிநாட்டிலிருந்து திருவிழாச் சோடினைக்கென்று காசு அனுப்புகிற எங்கள் ஆட்களுக்கும் ஒரு சொல்: அடுத்தமுறை அனுப்பும்போது, அந்தக் காசை மரத்துக்கு நோகாமல் குருத்து எடுக்கத் தெரிந்தவருக்கும் தோரணம் பின்னுகிறவருக்கும் கூலியாகக் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள்.