அவிழுமா, அறுக்கணுமா?

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த அகராதி வாங்கலாம் என்பதைத்தான். சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டதை, அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கியதைச் சொல்வேன். என் மேசையில் இருக்கும் பிரதிக்கு இரண்டு முறை பைண்டிங் மாற்றியாகிவிட்டது. ஆனால் ஜாயின், டை, பைண்ட், கப்பிள், அட்டாச் என்று சேர்ப்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொல் எதற்காக எந்த அகராதியைத் திறந்தாலும் சேர், இணை, கட்டு, பிணை என்ற நாலைந்து சொற்களே திரும்பத் திரும்ப வரும். அது அகராதியின் குற்றமில்லை. தனியாக நிற்கும்போது அந்தச் சொற்கள் ஒரே சாடையில்தான் இருக்கின்றன. பேச்சுக்குள் வந்த பிறகுதான் எது கயிற்றுக்காரர் வீட்டுப் பிள்ளை, எது தச்சர் வீட்டுப் பிள்ளை என்று தெரியவரும்.

நான் தொழில் பழகியது தம்புச்செட்டித் தெருவில், ஒரு மாடி அறையில். கீழே நோட்டரி, மேலே நாங்கள். எனக்குத் தொழில் சொல்லித்தந்த ஐயா பத்திரமும் பெயர்ப்பார், நாவலும் பெயர்ப்பார். இரண்டுக்கும் ஒரே சிவப்பு மைதான். தவறான சொல்லை அடிக்க மாட்டார். கீழே மெல்லிய கோடு ஒன்று போடுவார், அவ்வளவுதான். சரியான சொல்லையும் சொல்ல மாட்டார். தாளை என் பக்கம் நகர்த்திவிட்டு, “தம்பி, இது அவிழுமா, அறுக்கணுமா?” என்று கேட்பார். எப்படிச் சேர்ந்தது என்று அவர் கேட்டதே இல்லை. எப்படிப் பிரியும் என்றுதான் கேட்பார். எனக்கு அது பிடிபட இரண்டு வருடம் ஆனது.

முதல் அடி ஒரு கடன் பத்திரத்தில் விழுந்தது. ‘ஜாயிண்ட் அண்ட் செவரல்’ பொறுப்பு என்று மூலத்தில் இருந்தது. செவரல் என்றால் பல என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பி, ‘கூட்டான மற்றும் பலவான பொறுப்பு’ என்று எழுதிவிட்டேன். ஐயா கோடு போட்டார். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் தனித்தனி என்பது. ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்பதுதான் பத்திர வழக்கு. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆம் பிரிவைத் திறந்து காட்டினார். பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், வேறு ஏற்பாடு எழுதப்படாதவரை, அவர்களில் யாராவது ஒருவரையே பிடித்து முழுவதையும் நிறைவேற்றச் சொல்லலாம். “மூணு பேர் கையெழுத்து. ரெண்டு பேர் ஓடிட்டா மிச்சமுள்ள ஒருத்தன் வீடு போகும். அதை அவன் தமிழ்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணும் இல்லையா?” என்றார். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. கட்டு ஒன்றுதான், ஆனால் மற்றவர்கள் அவிழ்த்துக்கொண்டு போனாலும் ஒருவன் கழுத்தில் அது கிடக்கும். ஜாயிண்ட் என்ற சொல்லை இன்றும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்காமல் நான் கடப்பதில்லை.

லிங்க் என்றால் இப்போது எல்லோருக்கும் கைப்பேசியில் வருவது. எனக்கு அது சர்வேயரின் சங்கிலியில் இருக்கும் ஒரு வளையம். பதினேழாம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் வகுத்த அளவுச் சங்கிலி 66 அடி நீளம், 100 வளையம். நம் ஊர்ப் பழைய நில அளவைப் படங்களில் பக்க அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். ஒருமுறை அதை ‘இணைப்பு’ என்று பெயர்த்து, வடக்குப் பக்கம் 150 இணைப்பு என்று தட்டச்சுக்கு அனுப்பிவிட்டேன். ஐயா ஒன்றும் சொல்லாமல் ஒரு பழைய சர்வேயரிடம் அனுப்பிவைத்தார். அவர்தான் 1,000 சதுர லிங்க் ஒரு சென்ட் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு நாவல்களில் ‘வீக்கஸ்ட் லிங்க்’ என்று வரும் இடமெல்லாம் என் காதில் இரும்பு வளையம் குலுங்கும். சங்கிலி எங்கே அறும் என்ற பயம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘பலவீனமான இணைப்பு’ என்று எழுதினால் அந்தப் பயம் போய்விடும். ‘அறுந்துபோகிற கண்ணி’ என்று எழுதிப் பாருங்கள்.

கயிற்றுச் சொற்கள்தான் அதிகம் ஏமாற்றும். ஹிட்ச் என்பது கயிற்றைக் கம்பத்திலோ வண்டியிலோ மாட்டும் முடிச்சு. அமெரிக்கக் கதைகளில் இருவர் ‘காட் ஹிட்ச்ட்’ என்றால் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே ஹிட்ச், ஒரு காரியம் ‘வித்தவுட் எ ஹிட்ச்’ நடந்தது என்று வரும்போது தடங்கல். நான் முதல் இடத்தில் ‘மாட்டிக்கொண்டார்கள்’ என்று எழுதினேன். கதையே கசந்துவிட்டது. ஐயா கோடு போட்ட பிறகு ‘கட்டிக்கிட்டாங்க’ என்று மாற்றினேன். தமிழில் கட்டு என்ற சொல்லே கல்யாணத்தைச் சுமக்கிறது. அதே ருசியில், ‘டை த நாட்’ என்று அடுத்த அத்தியாயத்தில் வந்ததும் ‘மூன்று முடிச்சுப் போட்டான்’ என்று எழுதினேன். அதற்கும் கோடு விழுந்தது. இங்கிலாந்துத் தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொள்கிறவர்கள் கழுத்தில் நான் தாலியைக் கட்டிவிட்டிருந்தேன். நம் சொல் பக்கத்திலேயே இருக்கிறது என்று கை நீட்டும் இடத்தில்தான் அதிகம் தவறுகிறோம். ‘கல்யாணம் முடித்தார்கள்’ என்றால் போதும். முடி என்பதில் முடிச்சின் நிழல் கொஞ்சம் இருக்கும், தாலி இருக்காது.

ஆட்டம் டை ஆனது என்பதை டிரா என்று எழுதியவனும் நான்தான். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் டையில் முடிந்தது. அதற்கு முன் அப்படி நடந்தது 1960-இல் பிரிஸ்பேனில் மட்டும். டிரா என்றால் முடியாமல் நின்ற ஆட்டம். டை என்றால் முடிந்த ஆட்டம்; கடைசி விக்கெட்டும் விழுந்து, இரண்டு அணியையும் ஒரே எண்ணில் கட்டிப்போட்ட ஆட்டம். அதே டையோடு ‘அப்’ சேர்ந்து ஒருவர் ‘டைட் அப்’ என்றால் கைவேலையாக இருக்கிறார். ‘டைட் டவுன்’ என்றால் குடும்பமோ பொறுப்போ நகர விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இந்தக் குட்டிச் சொற்கள்தான் முடிச்சின் இறுக்கத்தைச் சொல்கின்றன. வினைச்சொல்லைப் பெயர்த்துவிட்டுக் குட்டியைக் கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ப்ளைஸ் என்ற சொல்லுக்காகக் காசிமேட்டுக்குப் போனேன். கப்பல் நாவல் ஒன்று கையில் இருந்தது. வலைக்கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் இரண்டு முனைகளையும் புரி புரியாகப் பிரித்தார். ஒன்றின் புரியை இன்னொன்றின் இடுக்கில் செருகி, இழுத்து, மறுபடி செருகினார். “முடிச்சுப் போட்டா என்னங்க?” என்று கேட்டேன். “கப்பியில சிக்கும் தம்பி” என்றார். கயிறு கயிறாகவே தொடர வேண்டுமென்றால் முடிச்சு கூடாது. அரை மணி நேரம் நின்று பார்த்த பிறகு, ‘கோத்துப் பின்னினான்’ என்று ஒரு வரி கிடைத்தது. அந்த நாவலிலேயே மாலுமிகள் ‘ஸ்ப்ளைஸ் த மெயின்பிரேஸ்’ என்று உற்சாகக் குரல் எழுப்புவார்கள். பாய்மரக் கப்பலின் பெரிய கயிற்றைக் கோக்கும் கடினமான வேலையின் பெயர், பிற்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையில் கூடுதல் ரம் வழங்கும் உத்தரவாகிவிட்டது. தினசரி ரம் படி 1970 ஜூலை 31-ஆம் தேதியோடு நின்றுபோனது. அந்தச் சொல் நிற்கவில்லை. அங்கே கயிற்றைப் பெயர்த்தால் மாலுமிகள் ஏன் சிரிக்கிறார்கள் என்று வாசகருக்குப் புரியாது. ‘எல்லோருக்கும் ஒரு ரவுண்டு’ என்றுதான் கடைசியில் எழுதினேன்.

தச்சரிடமும் போயிருக்கிறேன். டவ்டெயில் என்பது மேசை இழுப்பறையின் மூலையில், புறா வால் போல விரிந்த பற்கள் எதிர்ப்பலகையின் வெட்டுக்குள் உட்காரும் சேர்ப்பு. இழுப்பறையை எத்தனை தடவை இழுத்தாலும் முகப்புப் பலகை கழன்று வராது. பக்கவாட்டில் தட்டினால் மட்டும் பிரியும் என்று அவர் தட்டிக் காட்டினார். இருவரின் திட்டங்கள் ‘டவ்டெயில்’ ஆயின என்று வந்தால், ‘ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று சரியாகப் பொருந்தியது’ என்று எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் பல் உட்காருகிறது. நிட் வந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. எலும்பு நிட் ஆனால் கூடிற்று, புருவம் நிட் ஆனால் நெரித்தான். தமிழ் தானே வந்து நிற்கும்.

பவுண்ட் ஒரு பொறி. கடமையால் பவுண்ட் என்றால் கட்டுண்டது. கொழும்புக்கு பவுண்ட் என்று கப்பலைச் சொன்னால் அங்கே கட்டே இல்லை. அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த, ஆயத்தமானது என்று பொருள்படும் வேறொரு சொல். “கட்டின கப்பல் எப்படித் தம்பி போகும்?” என்று ஐயா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

போன மாதம் என்னிடம் தொழில் பழகும் பெண் ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கணவன் இறந்த பிறகு ஒருத்தி அந்த வீட்டோடு ‘க்ளீவ்’ ஆகிறாள். அகராதி பிள என்கிறது, ஒட்டு என்றும் சொல்கிறது. “ஐயா கேள்வி இதுக்கு உதவலையே சார், சேர்றதும் பிரியறதும் ஒரே சொல்லா இருக்கே” என்றாள். பழைய ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். காலப்போக்கில் ஒலி ஒன்றாகிவிட்டது. பின்னால் ‘டு’ வந்தால் ஒட்டுவது என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் ‘பற்றிக்கொண்டாள்’ என்று எழுதினாள், அடித்தாள். ‘ஒட்டிக்கொண்டாள்’ என்று எழுதி அதையும் அடித்தாள். மறுநாள் காலை ‘வீட்டைவிட்டுப் பிரியாமல் கிடந்தாள்’ என்று தாளை நகர்த்தினாள். ஒட்டியிருப்பதைச் சொல்லும் வரிக்குள் பிரி என்ற சொல்லும் இருப்பதை விரலால் தொட்டுக் காட்டினாள். நான் சிவப்பு மைப் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.