பச்சை ரத்தம்

வீடியோ கேம் வெளியான பிறகும் மாறிக்கிட்டேதான் இருக்கும்.
பீரோவில் வைத்த காஞ்சிப் பட்டு தானாகக் கரை மாற்றாது. போனில் இறக்கிய கேம் மாற்றும், கேட்காமலே.

இந்தியாவில் இதன் பெரிய உதாரணம் பப்ஜி.
2020 செப்டம்பர் 2 அன்று தடையான 118 செயலிகளில் அதுவும் ஒன்று.
2021 ஜூலை 2 அன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்று திரும்பி வந்தது.
அதே பாராசூட், அதே தீவு.
ரத்தம் மட்டும் பச்சை!
18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம் மட்டும்.

2022 ஜூலை இறுதியில் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது.
2023 மே மாதம் மீண்டும் வந்தபோது பெரியவர்களுக்கும் 6 மணி நேர வரம்பு.
(6 மணி நேரம் போதலைன்னு புலம்பும் ஜீவன்களும் உண்டு.)

இப்படி மாற்ற முடிவது எப்படி? ஆட்டத்தில் பாதி போனில், மீதி சர்வரில்.
அங்கே ஒரு துப்பாக்கியின் பலத்தைக் குறைத்தால் ஏனாத்தூர் கல்லூரி விடுதியிலும் குறையும்.
அப்டேட் போடலைன்னா உள்ளேயே விடாது.
காசு கொடுத்து வாங்கிய உடைக்கும் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டும்.
பழைய பதிப்புக்குத் திரும்ப வழி கிடையாது.

கேசட் காலத்து மரியோவில் இந்தத் தொல்லை இல்லை.
அதில் பிழை இருந்தால், கடைசிவரை அதே பிழை.