கெராங்கின் குடும்ப விவகாரம்

சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸ் தட்டில் கெராங் என்னும் மட்டி இல்லையென்றால் மலேசியாவில் பலருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கும் அப்படித்தான். வெந்நீரில் சும்மா காட்டி எடுத்த கெராங்கை நகத்தால் பிளந்தால் விரலெல்லாம் சிவப்பாகும். முகம் சுளிப்பவர்கள் அங்கேயே எழுந்துவிடுவார்கள். ஒழுகுவது ரத்தமேதான். நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அதிலும் உண்டு. பிராணவாயு குறைந்த சேற்றில் குடியிருக்கும் ஜீவனுக்கு அது வேண்டியிருக்கிறது. பெரும்பாலான மட்டிகளுக்கு அந்த வசதி இல்லை.

ஆங்கிலத்தில் இதையும் காக்கிள் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் அசல் காக்கிள்கள் கார்டிடே குடும்பம்; கெராங் ஆர்சிடே குடும்பம். முதுகில் ஓடும் மேடுபள்ள வரிகளைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்றே தோன்றும். வரிகளை நம்பக்கூடாது, கீலைப் பார்க்கவேண்டும். தின்று முடித்த ஓட்டைக் கழுவி, இரண்டு பாதிகளும் சேருமிடத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். கெராங்கில் பொடிப்பற்கள் நேர்வரிசையில் சீப்புபோல நெருங்கி நிற்கும். ஐரோப்பியக் கடற்கரைகளில் வாரும் காக்கிளுக்கோ விரல்விட்டு எண்ணக்கூடிய தடித்த பற்கள்தான். அதற்கு நீரை இழுக்கவும் வெளியேற்றவும் குட்டைக் குழல்கள் உண்டு, கெராங்குக்குக் கிடையாது. லின்னேயஸ் 1758இலேயே இரண்டையும் தனித்தனிப் பேரினங்களில் வைத்துவிட்டார். கடைக்காரர்கள் மட்டும் இன்னும் பிரிக்கவில்லை!

இதைவிட வேடிக்கை ராட்சத மட்டியின் கதை. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், 200 கிலோவைத் தாண்டும். அதன் சதைமடலில் பாசிகள் குடியிருந்து, வெயிலில் உணவு சமைத்துக் கொடுக்கின்றன. நெடுங்காலம் அதற்குத் தனிக் குடும்பம் தந்திருந்தார்கள். 1990களில் உடலமைப்பை நுணுக்கமாக ஒப்பிட்ட பிறகு, அதுவும் காக்கிள் குடும்பத்துக்குள்ளேயே அடக்கம் என்றாகிவிட்டது. பாசி வளர்க்கும் சின்னக் காக்கிள்களும் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. தட்டில் கிடப்பது உறவில்லை, பவளப்பாறையில் கிடக்கும் பூதம் நெருங்கிய சொந்தம்!

எந்தக் குடும்பமானாலும் பிழைப்பு ஒன்றுதான்: தண்ணீரைச் செவுளில் வடிகட்டித் தின்பது. நீரில் சாக்கடை கலந்தால் அதுவும் உள்ளே போகும். 1988இல் ஷாங்காயில் கெராங்கின் குடும்பத்தைச் சேர்ந்த மட்டியைப் பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் தின்று, சுமார் 3 லட்சம் பேர் ஹெபடைடிஸ்-ஏ காமாலையில் விழுந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஓடு வாய் திறந்த பிறகும் அடுப்பை அணைப்பதில்லை. சதை இறுகிப்போய்விடுகிறது, பழைய ருசி இல்லை. பிள்ளைகள் திட்டிக்கொண்டேதான் தின்கிறார்கள்.