அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

தஞ்சாவூரில் வீட்டு முன்னறையிலேயே 15 வருடங்களாக பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார் அவர். வயது 43. துணியைத் தொட்டதுமே எது காட்டன், எது கலப்பு என்று அவர் விரல்கள் சொல்லிவிடும். அந்த விரல்கள்தான் ஆவணி மாதத்தில் ஒரு நாள், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டியைக் கண்டுபிடித்தன. கொண்டைக்கடலை அளவு. அழுத்தினால் லேசாக நழுவியது. வலி இல்லை.

‘வலிதான் இல்லையே’ என்று பத்து நாட்கள் தள்ளிப்போட்டார். வலி இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமாகாது என்பது பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அந்த நினைப்பு ஒரு ராத்திரி தூங்கவிடவில்லை. மறுநாள் கணவரிடம் சொன்னார். ப்ளஸ் டூ படிக்கும் மகளிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

மேமோகிராம் எடுத்தார்கள். மார்பகத் திசு அடர்த்தியாக இருந்ததால் அதில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கட்டி தெரிந்தது. 14 மில்லிமீட்டருக்கு 9 மில்லிமீட்டர். ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 3’ என்று இருந்தது.

“இது ஸ்கேன் பார்க்கிறவங்க போடுற தரவரிசைம்மா. 0-லேருந்து 6 வரைக்கும் இருக்கு. 3-ன்னா பெரும்பாலும் சாதாரணக் கட்டிதான். புற்றுநோயா இருக்கிற வாய்ப்பு 2 சதவிகிதத்துக்கு மேல இல்லை” என்றார் டாக்டர்.

மீதி 98 அவர் காதில் விழவே இல்லை. வீடு வரும்வரை 2 மட்டும்தான் கூடவே வந்தது.

பெரியம்மாவின் விஷயத்தைக் கேட்டதும், ஊசி போட்டு செல்களை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். முதல் தடவை, ‘போதுமான செல்கள் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டாவது தடவை, ‘சில செல்கள் இயல்பாக இல்லை; சாதாரணமானதாகவே இருக்கலாம்’ என்று வந்தது. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அடுத்தது, கொஞ்சம் தடிமனான ஊசியால் சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலி தெரியவில்லை. ‘டக்’கென்ற சத்தம் மட்டும் மூன்று நான்கு தடவை கேட்டது.

முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் தீபாவளி ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. ஒரு பட்டு பிளவுஸுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிட்டார். 15 வருடங்களில் நடக்காத தப்பு. கடைத்தெருவுக்குப் போய் அதே கலரில் துணி தேடி வாங்கி, புதிதாகத் தைத்து வைத்தார்.

பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. ‘பரிசோதித்த திசுவில் புற்றுநோய் இல்லை.’

கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கோ ‘பரிசோதித்த திசுவில்’ என்ற இடத்தில் மனசு நின்றுபோனது. “அப்ப பரிசோதிக்காத இடத்துல?”

டாக்டர் கோபப்படவில்லை. “நியாயமான கேள்விதான். முதல்ல எடுத்தது தனித்தனி செல்கள். இப்ப எடுத்தது சதைத் துணுக்கு. செல்கள் எப்படி அடுக்கியிருக்குன்னு இதுல பார்க்க முடியும். நான் கையால பார்த்தது, ஸ்கேன், பயாப்ஸி மூணும் ஒத்துப்போகுது. அதனாலதான் ஆறு மாசம் கழிச்சு திரும்ப ஸ்கேன் பார்க்கலாம்னு சொல்றேன். கட்டியை எடுத்துடணும்னு நீங்க நினைச்சா அதுவும் தப்பில்லை.”

“ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கொடுத்துடுங்களேன் டாக்டர்.”

“அப்படி எழுத முடியாதும்மா. ஆறு மாசத்துல வாங்கன்னுதான் எழுத முடியும்.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு, காத்திருப்பது என்று முடிவெடுத்தார். ஆனால், காத்திருப்பது லேசாக இல்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை அங்கேயே போனது. காலையில் பெரிதானது போலவும் சாயந்திரம் சிறுத்தது போலவும் இருந்தது. ராத்திரியில் மொபைலில் தேடித் தேடிப் படித்தார். மஞ்சள் பத்து போட்டால் கரையும் என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மா சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டார். வேண்டுதலை ஏற்றுக்கொண்டார்; பத்தை வேண்டாமென்றார்.

அடுத்த முறை டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். “தொட்டுக்கிட்டே இருந்தா உங்களுக்கே குழம்பிடும். மாசத்துக்கு ஒரு தடவை, பீரியட்ஸ் முடிஞ்சு சில நாள் கழிச்சுப் பாருங்க. கட்டி வளர்ந்தாலோ, தோல் குழிஞ்சாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, அக்குள்ல கட்டி தெரிஞ்சாலோ ஆறு மாசம் காத்திருக்காதீங்க. உடனே வாங்க” என்றார் அவர்.

எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்ததும் மற்றதற்கெல்லாம் பயப்படுவது கொஞ்சம் குறைந்தது. அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘14 × 9’ என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டார். மாதம் ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு டிக். மனசு அலைபாயும்போது கையைக் கொண்டுபோகாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கத்தைத்தான் தை மாதத்தில் ஒரு நாள் மகள் பார்த்துவிட்டாள். “இது யாரோட அளவும்மா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. மகள் அழுதாள். “நீ என்னைத் திட்டினதெல்லாம் நான் படிக்கலைன்னு நினைச்சேன். இதானாம்மா?” என்றாள். இத்தனை மாதமும் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து, எரிச்சலை மட்டும் அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து டிக் போடும் தேதியை மகள் நினைவுபடுத்தத் தொடங்கினாள்.

பங்குனியில் ஸ்கேன். மகளுக்குப் பரீட்சைகள் முடிந்திருந்ததால் அவளும் கூட வந்தாள். அளவு அதே 14-க்கு 9. “மாற்றம் இல்லை. நல்ல விஷயம். அடுத்த ஆறு மாசத்துல ஒரு தடவை, அப்புறமும் பார்ப்போம். ரெண்டு வருஷம் இப்படியே இருந்தா நிம்மதியா விட்டுடலாம்” என்றார் டாக்டர்.

முழுசாக ‘இல்லை’ என்று இப்போதும் யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்து, பழைய அளவுக்குக் கீழே அதே அளவை எழுதினார். அதற்குப் பக்கத்தில், வாடிக்கையாளருக்கு டெலிவரி தேதி குறிப்பதுபோல அடுத்த ஸ்கேன் தேதியைக் குறித்தார். பிறகு நோட்டை மூடிவிட்டு, சித்திரைக் கல்யாணத்துக்கு வந்திருந்த பட்டுத் துணியை விரித்தார். கத்தரியை எடுக்கும் முன், இரண்டு கைகளுக்கும் தனித்தனியாகச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார்.