கிறீச், கிறீச்

எங்கள் வீட்டு அம்பாஸடர் காருக்குப் பேச வரும். ஹாரனைச் சொல்லவில்லை, அது பல சமயங்களில் வாயைத் திறப்பதே இல்லை. மழை பெய்தால்தான் பேச்சு. முன் கண்ணாடியைத் துடைக்க இரண்டு கைகள் இருக்கின்றன அல்லவா, அந்த வைப்பர்கள்தாம் பேசும். போகும்போது 'கிறீச்' என்று ஒரு கேள்வி. திரும்பி வரும்போது 'கிறீச்' என்று அதற்குப் பதில். பிறகு என்ன நினைத்துக்கொள்ளுமோ, கண்ணாடியின் நடுவில் அப்படியே நின்றுவிடும். கல்யாண மண்டபத்தில் வாழ்த்துரை சொல்ல எழுந்தவர் வார்த்தை மறந்து விழிப்பாரே, அந்த மாதிரி. டாஷ்போர்டில் ஒரு குத்து விட்டால் மறுபடியும் நினைவு வந்து தொடரும்.

அப்பாவின் கார் அது. 1984-ஆம் வருஷத்து வண்டி. 1992-ல் ஒரு கண்டிராக்டரிடமிருந்து பழையதாக வாங்கினார். கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அதன் பின் சீட்டில் நாள் பூராவும் உட்கார்ந்திருந்தேன். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ல் அம்பாஸடர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அப்பா, எழுந்து போய்க் கொட்டகையில் காரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். துக்கம் கேட்கப் போனாரா, தைரியம் சொல்லப் போனாரா, தெரியவில்லை. பதினைந்து வயது தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அம்மா, "இந்தத் தடவையோட போதும்" என்பாள். ஒவ்வொரு முறையும் அப்பா, "ஆகட்டும்" என்பார். இரண்டுமே நடந்ததில்லை.

வைப்பர் சத்தம் போட்டதற்கு வண்டியைச் செய்தவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். இருபத்தொன்பது வருஷம் வெயிலிலும் மழையிலும் ஓட்டிவிட்டு, ரப்பர் துண்டு ஒன்று வாங்கிப் போடச் சோம்பியவர்கள் நாங்கள்.

2021-ல் ஐப்பசியும் கார்த்திகையும் எப்படிக் கொட்டித் தீர்த்தன என்பது தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்த மழையில்தான் அப்பாவின் புகார் ஆரம்பமாயிற்று.

"இந்த வைப்பர் துடைக்கவே மாட்டேங்குதுடா. எல்லாம் கலங்கலா இருக்கு. எதிர்ல லாரி வந்தா லைட்டு மத்தாப்பு மாதிரி சிதறுது. என்னன்னு பாரு."

அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. காரை என்னிடம் கொடுப்பது அபூர்வம். கதை எழுதுகிறவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் யோசனை பண்ணிக்கொண்டே குளத்தில் இறக்கிவிடுவான் என்று அவருக்கு ஓர் அபிப்பிராயம். ஆனால் ரிப்பேர் வேலை மட்டும் என்னுடையது.

காலேஜில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவன் என்ற தைரியத்தில் நானே முதலில் இறங்கினேன். கடையில் புது பிளேடு இரண்டு வாங்கி மாட்டினேன். சத்தம் போகவில்லை, சுருதி மட்டும் அரைக் கட்டை ஏறிற்று. கண்ணாடியில் எண்ணெய் தடவிப் பார்த்தேன். அது எப்பேர்ப்பட்ட புத்திசாலித்தனம் என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான், மகாமகக் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர். புதுக் கார்களைத் தொடுவதில்லை. "அதெல்லாம் கம்ப்யூட்டருக்கு வைத்தியம்" என்பார்.

அவர் வைப்பரை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாடி பார்க்கிற தோரணை.

"சார், உங்க வீட்டம்மா விளக்குமாத்தை எப்படிப் பிடிக்கிறாங்க? சாய்ச்சு இழுத்தாத்தானே பெருக்கும்? முன்னாடி குத்தித் தள்ளினா?"

"துள்ளும்."

"இதுவும் அதேதான்."

விஷயம் இவ்வளவுதான். ரப்பரின் விளிம்பு எப்போதும் போகிற திசைக்கு எதிர்ப் பக்கமாகச் சாய்ந்து, இழுபட்டுக்கொண்டே வர வேண்டும். வலப் பக்கம் போகும்போது இடப் பக்கம் சாயும். ஓரத்தை அடைந்து திரும்புகிற அந்த நொடியில் புரண்டு மறு பக்கம் சாய்ந்துகொள்ளும். பிளேடைப் பிடித்திருக்கும் இரும்புக் கை கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தால் ரப்பருக்குப் புரள வழியில்லை. ஒரு திசையில் ஒழுங்காகத் துடைக்கும். மறு திசையில் கண்ணாடியைக் குத்திக் குத்தித் துள்ளும். அதுதான் 'கிறீச்'. பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் இரண்டு கைகளுமே மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. கார் கழுவுகிற பையன் அவற்றைப் பிடித்துத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து வந்த கோணலாக இருக்கலாம். மெக்கானிக் ஒரு ஸ்பானரை மாட்டி, மோதிரத்தை நிமிர்த்துகிற தட்டானைப் போல, மெல்ல ஒரு திருகு திருகினார்.

பிறகு கண்ணாடியை விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பாலிஷ் போட்டீங்களா?"

போட்டேன். கண்ணாடி என்ன பாவம் செய்தது என்று அதற்கும் சேர்த்துப் போட்டேன். அந்த மெழுகும், மேலே நான் தடவிய எண்ணெயும், ரோட்டுப் புகையும் சேர்ந்து ஒரு தோல் மாதிரி படிந்திருந்தது. தண்ணீர் அதன்மேல் பரவாமல் திட்டுத் திட்டாக நின்றது. ரப்பர் ஈரமான இடத்தில் வழுக்கி, காய்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. பாத்திரம் தேய்க்கிற சோப்பால் இரண்டு முறை கழுவினார். அதற்குமேல் ஈரத்துணியில் விபூதியைத் தொட்டுத் துடைத்தார். எங்கள் பாட்டி அரிக்கேன் விளக்கின் சிம்னியை இப்படித்தான் துடைப்பாள். லாரி டிரைவர்கள் வைப்பர் வேலை செய்யாத நாளில் கண்ணாடியில் புகையிலையை நனைத்துத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படித் தேய்த்தால் நீர் திட்டாக நிற்காமல் பரவி வழிந்துவிடும். கையில் புகையிலை இல்லாதவர்கள் பீடியைப் பிரித்துக்கொள்வதும் உண்டு.

சத்தம் நின்றது. ஆனால் நடுவில் நிற்கிற வியாதி தனி.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராபர்ட் கேர்ன்ஸ் என்று பெயர். 1953-ல் அவருடைய கல்யாண இரவன்று ஷாம்பேன் பாட்டிலின் தக்கை தெறித்து இடது கண்ணில் பட்டு அந்தக் கண் போய்விட்டது. பல வருஷங்களுக்குப் பிறகு, தூறலில் கார் ஓட்டிப் போகும்போது, வைப்பர் ஓயாமல் ஆடுவது அவருக்குத் தொந்தரவாக இருந்திருக்கிறது. மனிதனுடைய இமை ஓயாமலா அடித்துக்கொள்கிறது? விட்டு விட்டுத்தானே இமைக்கிறது? வைப்பரும் ஏன் விட்டு விட்டுத் துடைக்கக் கூடாது என்று யோசித்து அதற்கு ஒரு மின்சார ஏற்பாடு செய்து, 1964-ல் பேட்டண்டுக்கு எழுதிப் போட்டார். கார்க் கம்பெனிகள் அவருக்குச் சல்லிக் காசு கொடுக்காமல் அப்படிப்பட்ட வைப்பரை மாட்டத் தொடங்கவே, 1978-ல் ஃபோர்டு கம்பெனியின்மேல் வழக்குப் போட்டார். 1990-ல்தான் ஒரு கோடி டாலருக்குச் சற்று அதிகமாகத் தொகை வந்தது. அதற்குள் மனைவி விலகிப் போய்விட்டாள்.

வைப்பரை முதன்முதலில் யோசித்தவர்களில் ஒருவரான அலபாமாக்காரி மேரி ஆண்டர்சனுக்கு அதுகூட இல்லை. நியூயார்க்கில் பனி கொட்டுகிற நாளில் டிராம் ஓட்டுகிறவர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுவதைப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து கையால் இயக்குகிற ஒரு துடைப்பான் செய்து 1903-ல் பேட்டண்ட் வாங்கினாள். விற்கப் போன இடத்தில், இது விலை போகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலாவதியாகும் வரை அந்தப் பேட்டண்டால் அவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கேர்ன்ஸ் இத்தனை பாடுபட்டுச் செய்ததை எங்கள் கார் காசு செலவில்லாமல் தானாகவே செய்துகொண்டிருந்தது. ஒரு வித்தியாசம்: எப்போது இமைப்பது என்பதை அதுவே தீர்மானித்தது.

மெக்கானிக் மோட்டாரின் இரும்பு உடம்பில் ஒரு வயரின் முனையை வைத்து, மறு முனையைக் கார்த் தகட்டில் தொட்டார். நின்றிருந்த வைப்பர் தூக்கி வாரிப் போட்ட மாதிரி ஓட ஆரம்பித்தது.

"எர்த் போயிருக்கு, சார்."

காரில் மின்சாரம் வயர் வழியாகப் போகிறது. திரும்பி பாட்டரிக்கு வருவதற்கு வண்டியின் உடம்புதான் வழி. அந்த வழியில் ஒரு போல்ட்டின் அடியில் துரு ஏறிவிட்டால், தொட்டும் தொடாமலும் இருக்கும். குத்து விட்டால் அதிர்ந்து தொட்டுக்கொள்ளும். இத்தனை வருஷமாக நாங்கள் குத்தியதன் ரகசியம் இதுதான். உப்புத்தாளால் துருவைத் தேய்த்து, புது வாஷர் போட்டு முறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினார். மோட்டாரையும் பிரித்து, தேய்ந்து போயிருந்த கார்பனை மாற்றினார். உள்ளே இருந்த பழைய கிரீஸ் கோந்தாக இறுகியிருந்தது; அதை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் புதிதாக வைத்தார். ஒரு பகல் வேலை. அவர் கேட்ட பணம் குறைவு. அதிகமாகக் கொடுக்கப் போனேன். "மழை வரட்டும் சார், பார்த்துக்கிட்டுக் கொடுங்க" என்றார்.

மழை மூன்றாம் நாள் வந்தது.

தஞ்சாவூரில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு இரவு ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். அப்பாதான் ஓட்டினார். பின் சீட்டில் அம்மா, தாம்பூலப் பையை மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிட்டாள். அய்யம்பேட்டை தாண்டியதும் வானம் உடைந்துகொண்டது. வைப்பரைப் போட்டார். அடடா, அந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! சத்தமில்லை, தயக்கமில்லை, பட்டுத் துணியால் வழிப்பது போல் கண்ணாடி பளிச்சென்று ஆயிற்று. சாலையோரத்துப் புளியமரங்களில் அடித்திருந்த வெள்ளைப் பட்டைகளை என்னால் எண்ண முடிந்தது. அப்பா ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

சொன்னார்.

"காசை வாங்கிட்டு ஏமாத்திட்டான்டா. சத்தம்தான் போயிருக்கு. கலங்கல் அப்படியேதான் இருக்கு."

நான் கண்ணாடியைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். மார்பு ஸ்டியரிங்கில் இடிக்கிற அளவுக்கு முன்னால் குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் வெளிச்சம் மேலே பட்டதும் முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டார். பஸ் கடந்தது. கடந்த இருட்டில், முப்பது அடி முன்னால், தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். எனக்கு அவன் நன்றாகத் தெரிந்தான். கார் வேகம் குறையவே இல்லை.

"அப்பா!" என்று கத்தினேன்.

பிரேக் போட்டார். வண்டி வழுக்கி, ஓரத்துச் சேற்றில் இறங்கி நின்றது. சைக்கிள்காரன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மழையோடு போய்விட்டான். அம்மா விழித்துக்கொண்டு, "ஊர் வந்துடுத்தா?" என்றாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அது கொஞ்சம் கிறீச்சிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

அப்பா என்ஜினை நிறுத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கி, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டே காரைச் சுற்றி நடந்து வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"நீ ஓட்டு" என்றார்.

பாபநாசம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு, "எப்ப இருந்துடா இப்படி?" என்று கேட்டார். என்னைக் கேட்டாரா, தம்மையே கேட்டுக்கொண்டாரா, தெரியாது. எனக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. பத்திரிகையைத் திண்ணை வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது, டீயில் எறும்பு மிதப்பதைப் பார்க்காமல் குடித்தது, பகலில் ஒழுங்காக ஓட்டுகிறவர் ராத்திரிப் பிரயாணத்துக்கு ஏதாவது சாக்குச் சொன்னது, எல்லாம் ஒரு வருஷத்துக்கு மேலாகவே நடந்தவை. நான் அத்தனையையும் பார்த்துவிட்டு வைப்பருக்கு வைத்தியம் பண்ணியிருக்கிறேன்.

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் முற்றியிருந்தது. எதிர் விளக்கு மத்தாப்பாகச் சிதறுவது அதன் அடையாளங்களில் ஒன்று என்று டாக்டர் சொன்னார். மங்கிப் போன இயற்கை லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸை வைப்பார்கள். அது எப்படிப் பிறந்தது என்பதை அப்பாவுக்கு நான் படித்துச் சொன்னேன். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானிகள் சிலருடைய கண்ணில், குண்டடி பட்டு உடைந்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் கண்ணாடிச் சில்லுகள் ஏறிவிட்டன. கண் அந்தச் சில்லுகளைப் பகையாக நினைக்காமல் சும்மா இருப்பதை ஹரால்டு ரிட்லி என்ற டாக்டர் கவனித்தார். 1949-ல் லண்டனில் அதே ஜாதிப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து ஒரு நோயாளிக்கு வைத்தார். அப்பா கேட்டுவிட்டு, "அப்போ இதுவும் முன் கண்ணாடி மாத்தற வேலைதான்" என்றார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

தையில் ஒரு கண், மாசியில் ஒரு கண். மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய மிச்சப் பணத்தை அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, டீ குடிச்சோம்" என்றார்.

சாவியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அது ஆணியில் தொங்கியது. சித்திரையில் ஒரு நாள் சாயங்காலம் திருவிடைமருதூர் போய்விட்டு வரும்போது கோடை மழை பிடித்துக்கொண்டது. நான் ஓட்டினேன். அவர் இடப் பக்கம் உட்கார்ந்திருந்தார். வைப்பர் ஓடிற்று. ஆடுதுறைப் பக்கம் மின்னல் வெட்டுவதைத் திரும்பிப் பார்த்தவர், மறுபடி முன்னால் திரும்பினார்.

"உன் கண்ணுக்கு நேரா ஒரு கோடு விழுது பாரு."

"எங்கே?"

"அதோ. மயிர் மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதே இடத்திலே."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விடவில்லை. வண்டியை ஓரங்கட்டி, மழையில் இறங்கி, வைப்பரைத் தூக்கிப் பார்த்தேன். ரப்பரின் விளிம்பில் ஒரு வேப்பிலைக் காம்பு சிக்கியிருந்தது.