மன்னித்தால் வழக்கை விட்டுவிட வேண்டுமா?

பூசை முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தபோது, அயலில் உள்ள தங்கச்சி ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகனைக் கொன்றவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவளுக்கு அழைப்பாணை வந்திருந்தது.

"அக்கா, மன்னிக்க வேணுமெண்டு சுவாமி சொல்லுறார். அப்ப நான் கோட்டுக்குப் போகக் கூடாதோ?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் கணவர் கொல்லப்பட்ட நாட்களில் சொந்தக்காரரும் இதைத்தான் சொன்னார்கள்: "வேதக்காரப் பிள்ளைதானே, மன்னித்துவிடு. முறைப்பாடு எதற்கு?" நான் முறைப்பாட்டைக் கைவிட்டேன். ஆனால் நெஞ்சிலிருந்த நெருப்பு அணையவில்லை. நான் மன்னிக்கவில்லை, வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான்.

பின்னர்தான் கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ் அம்மையாரைப் பற்றி அறிந்தேன். இவர் அவுஸ்திரேலியப் பெண். கணவர் கிரகாம் இந்தியாவின் ஒரிசாவில் (இன்றைய ஒடிசா) தொழுநோயாளருக்குப் பணி செய்தவர். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் ஜீப்புக்குள் உறங்கிக்கொண்டிருந்த கிரகாமையும், 10 வயது பிலிப்பையும், 6 வயது திமோத்தியையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது.

கொன்றவர்களை மன்னிப்பதாக அம்மையார் சொன்னார். மன்னிப்பு வேறு, குற்றத்துக்கான தண்டனை வேறு என்றும் சொன்னார். சட்டம் தன் வழியில் நடந்தது. 2003இல் முக்கிய குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் மேல் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அம்மையாரோ பழிவாங்க நினைக்காமல், மகள் எஸ்தரோடு 2004 வரை அங்கேயே தங்கி நோயாளரைப் பராமரித்தார்.

வேதாகமத்திலும் இதைக் காணலாம். சிலுவையில் மனந்திரும்பிய கள்வன், தனக்குக் கிடைத்த தண்டனை நியாயமானது என்று தானே ஒத்துக்கொண்டான். இயேசு அவனுக்கு விண்ணக வாழ்வை வாக்களித்தார். ஆனால் அவனைச் சிலுவையிலிருந்து இறக்கிவிடவில்லை.

மன்னிப்பு என் மனதை வெறுப்பிலிருந்து விடுவிப்பதற்கு. தண்டனை, இன்னொரு தாய்க்கு இந்தக் கதி வராமல் இருப்பதற்கு. ஒன்றுக்காக மற்றதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. மன்னிப்பையும் யாரும் எங்களிடம் அவசரப்படுத்திக் கேட்க முடியாது. அது கனிய நாள் எடுக்கும்.

அன்பான சகோதரிகளே, அந்தத் தங்கச்சிக்கு நான் இப்படித்தான் சொன்னேன்: "போய் உண்மையைச் சொல்லு பிள்ளை. உண்மை சொல்லுறது பாவமில்லை. மன்னிப்பு வரேக்க வரட்டும்."

அடுத்த தவணைக்கு நானும் அவளோடு போகிறேன்.